நன்செய், புன்செய்: பட்டாவில் உள்ள இரு சொற்கள் உணர்த்துவது என்ன?



வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் உங்கள் நிலப் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றை அடுத்து 'புன்செய்', 'நன்செய்', 'மற்றவை' என்று மூன்று கட்டங்கள் இருக்கும். உங்கள் நிலத்தின் பரப்பும் தீர்வையும் இவற்றுள் ஏதேனும் ஒரு கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். பரப்பு சரியாக இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் பலர். அது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள் சிலரே.

நஞ்சை, புஞ்சை என்பவை நாம் பிறந்தது முதல் கேட்டுவரும் சொற்கள். அதனாலேயே அவற்றின் பொருளை நாம் ஆராய்வதில்லை. நஞ்சை என்றால் நல்ல மண், புஞ்சை என்றால் மட்டமான மண் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. இந்த எண்ணம் சரியன்று. இச்சொற்கள் மண்ணின் தரத்தைக் குறிக்க ஏற்பட்டவை அல்ல. நிலத்திற்கு நீர் வந்து சேரும் வழியைக் குறிக்க ஏற்பட்டவை. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் நிலம் வாங்கும்போதும், விற்கும்போதும், பயிரைத் தேர்ந்தெடுக்கும்போதும், அரசு உதவி கோரும்போதும் நட்டத்தைத் தவிர்க்கலாம். ஆகவே இச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் தாமிரபரணிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

'செய்' என்றால் என்ன?

இரு சொற்களுக்கும் பொதுவாக நிற்பது 'செய்' என்பதாகும். செய் என்றால் வயல். பழந்தமிழில் இது தனிச் சொல்லாகவே வழங்கியது. சில வட்டாரங்களில் நிலத்தின் ஓர் அளவுக்கும் செய் என்ற பெயர் இருந்தது. வேலை செய், பயிர் செய் என்று சொல்லும்போது வரும் வினைச்சொல்லும் இதே வடிவம் உடையது. பழங்கன்னடத்திலும் 'கெய்' என்பது வயலைக் குறிக்கும். செய்தல் என்ற வினையையும் குறிக்கும். காடு தானாக வளர்கிறது. வயலோ மனிதன் மேடு பள்ளம் நிரவி, வரப்புக் கட்டி, மடை வைத்து உண்டாக்குவது. அந்த உழைப்பைச் செய்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

செய் என்பதன் முன்னால் 'நன்' சேர்ந்தால் நன்செய், அதாவது நல்ல வயல். 'புன்' சேர்ந்தால் புன்செய். புன்மை என்பதற்குச் சிறுமை, குறைவு என்று பொருள். புன்னகை என்ற சொல்லிலும் இதே 'புன்' தான் இருக்கிறது. புன்னகை என்பது கெட்ட சிரிப்பு அன்று. அளவு சிறுத்த சிரிப்பு. அதுபோலப் புன்செய் என்பதும் கெட்ட நிலம் அன்று. நீரும் அதனால் விளைவும் அளவில் சிறுத்த நிலம் என்று கொள்வதே பொருந்தும்.

நன்செய் எப்படி நஞ்சை ஆயிற்று? சகரத்துக்கு முன்னால் வரும் மெல்லின ஒலி ஞகரமாக மாறுவது தமிழ்ப் பேச்சின் இயல்பு. இஞ்சி, பஞ்சு, மஞ்சள் என்ற சொற்களை வாயால் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். அவ்வாறே நன்செய் நஞ்செய் ஆகி, பின் இறுதியும் தேய்ந்து நஞ்சை ஆயிற்று. புன்செய் புஞ்சை ஆனதும் இவ்வாறே. அரசு ஆவணங்களில் நன்செய், புன்செய் என்ற முழு வடிவமும், ஊர்ப் பேச்சில் நஞ்சை, புஞ்சை என்ற தேய்ந்த வடிவமும் இன்றளவும் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றே, எந்த வடிவத்தில் எழுதினாலும் தவறில்லை.

இவற்றுக்கு முன்னரும் நம் முன்னோர் நிலத்தைத் தரம் பிரித்தே வந்துள்ளனர். சங்க இலக்கியங்களில் வன்புலம், மென்புலம், புன்புலம் என்ற சொற்கள் காணப்படுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசன நிலத்திற்கு 'நீர்நிலம்' என்ற பெயரும் உண்டு. நன்செய், புன்செய் என்ற இணைச் சொற்கள் பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. அக்காலத்தில் நிலவரி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. நெல்லை உறுதியாக விளைவித்துத் தரும் வயல் அரசுக்கும் கோயிலுக்கும் நல்ல வயலாயிற்று. எனவே 'நன்' என்பது வரி வாங்குபவரின் கண்ணோட்டத்தில் அமைந்த அடைமொழி என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

உழவைக் கொண்டா, நீரைக் கொண்டா?

பிற நாட்டார் விளைநிலத்தை எப்படிப் பெயரிட்டு அழைத்தார்கள் என்று பார்த்தால் நம் சொல்லின் சிறப்பு மேலும் விளங்கும். ஆங்கிலத்தில் விளைநிலத்திற்கு 'ஏரபிள்' என்ற சொல்லை வழங்குகிறார்கள். இது உழுதல் என்று பொருள்படும் 'அராரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஏர் ஓட்டத் தக்க நிலம் என்பது அதன் பொருள். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் நாடுகளின் நிலக் கணக்கை எடுக்கும்போது இச்சொல்லுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஆண்டுப் பயிர் நிற்கும் நிலம், தற்காலிகப் புல்வெளி, காய்கறித் தோட்டம், 5 ஆண்டுக்குக் குறைவாகத் தரிசு விட்ட நிலம் ஆகியவை அதில் அடங்கும். தென்னை, மா போன்ற நிரந்தரப் பயிர்கள் நிற்கும் நிலம் அதில் சேராது.

பனியும் மழையும் ஆண்டு முழுதும் ஓரளவு ஈரம் தரும் நாடுகளில் ஏர் ஓடுமா என்பதே முதற் கேள்வி. நம் நாட்டிலோ ஏர் எங்கும் ஓடும். நீர் வருமா என்பதே முதற் கேள்வி. ஆகவே நம் சொற்கள் நீரைக் கொண்டு நிலத்தைப் பிரித்தன. அண்டை மாநிலங்களிலும் இதே நிலைதான். ஆந்திரத்தில் பாசன நிலம் மாகாணி, மேட்டு நிலம் மெட்ட. கர்நாடக நிலக் கணக்குகளில் தரி, குஷ்கி என்ற பாரசீகச் சொற்கள் வழங்கின. அவற்றின் பொருள் முறையே ஈரம், வறட்சி என்பதாகும். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளம் சென்றால் அங்கே வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்று எழுதினாலே அது நெல் வயலைத்தான் குறிக்கும். மேட்டு நிலமும் வீட்டுமனையும் 'புரையிடம்' எனப்படும்.

தாமிரபரணியின் நன்செய்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் நன்செய்க்கு உயிர்நாடியாகும். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே மாவட்டமாக இருந்தது. ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து கீழாக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பனவாகும். இவற்றுள் கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்திற்கு நேரடியாகவும் குளங்கள் வழியாகவும் பாசனம் அளிக்கின்றன. திருநெல்வேலி நகரிலுள்ள நயினார்குளம் இவ்வாறு கால்வாய் நீரால் நிரம்பும் குளங்களுள் ஒன்று.

இந்த ஆற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பொதிகையில் பெய்கின்றன. ஆகவேதான் இங்கே இரு நெல் பருவங்கள் அமைந்தன. ஜூன் மாதம் தொடங்குவது கார்; அக்டோபரை ஒட்டித் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாவது பிசானம். இரு பருவத்துக்கும் நீர் கிடைக்கும் வயல் இருபோக நன்செய். பிசானத்துக்கு மட்டும் நீர் கிடைப்பது ஒருபோக நன்செய். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வெளியான அம்பை 16 போன்ற குறுகிய கால இரகங்கள், பருவம் தவறாமல் இரு போகம் எடுக்க உதவியுள்ளதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே நன்செய் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் அணைக்கட்டு, ஒரு கால்வாய், பெரும்பாலும் ஒரு குளம், ஒரு மடை, அந்த மடையின் கீழ் ஓர் ஆயக்கட்டு, நீர் பாய்ச்சும் ஒரு முறை இவ்வளவும் இருக்கின்றன. நன்செய் என்று பதிவான நிலம் இந்த ஏற்பாட்டில் ஓர் உறுப்பு. மண் எதுவாக இருந்தாலும் இந்த உறவுதான் அதனை நன்செய் ஆக்குகிறது. இந்த உறவு அறுந்தால் எவ்வளவு கொழுத்த வண்டல் மண்ணானாலும் அது பெயரளவில்தான் நன்செய்.

புன்செய் இழிந்த நிலம் அன்று

ஆற்றங்கரையை விட்டு வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் சென்றால் கரிசல் மண்ணைக் காணலாம். கணக்கில் இது புன்செய். ஆனால் மண்ணின் வளத்தில் இது எந்த நன்செய்க்கும் இளைத்ததன்று. களித்தன்மை மிகுந்த இம்மண் ஐப்பசி, கார்த்திகை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பயிருக்கு ஊட்டுகிறது. கருங்கண்ணிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், கொத்தமல்லி ஆகியவை இம்மண்ணின் செல்வங்கள். அப்பகுதி உழவர்கள் 'காட்டுக்குப் போகிறேன்' என்று சொன்னால் அது வனத்தை அன்று, புஞ்சையைத்தான் குறிக்கும்.

தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி பக்கம் செம்மணல் தேரி. அங்கே பனையும் முந்திரியும் நிற்கின்றன. உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நாடறிந்தது. மேலும், உலக மருந்துச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்று வழங்கும் அவுரி இலை, இப்பகுதியின் வறண்ட புன்செய் நிலங்களில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஏற்றுமதியாகி வந்துள்ளது. திருநெல்வேலியின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்ற பயிர்களில் ஒன்று புன்செயிலிருந்து போனது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

புன்செய்க்குள்ளும் பிரிவுகள் உண்டு. மழையை மட்டும் நம்பியது மானாவாரி. வானம் என்பது நாட்டுப்புறப் பேச்சில் மானம் ஆகும். 'மானம் பார்த்த பூமி' என்று நாம் சொல்வது இதனால்தான். மானாவாரிக்கு வானாவாரி என்ற வடிவமும் வழக்கில் உண்டு. கிணறு வெட்டி இறைத்துப் பயிரிட்டால் அது தோட்டம். ஆழ்துளைக் கிணற்று நீரில் வாழையும் காய்கறியும் விளையும் தோட்டம், வருமானத்தில் பக்கத்து நன்செயை விஞ்சுவதும் உண்டு. எனினும் கிணறு உங்கள் சொந்த முயற்சி. ஆயக்கட்டு நீர் அன்று. ஆகவே கணக்கில் அது புன்செய் என்றே நிற்கும்.

தரிசு என்பது வேறு. இது நன்செய்க்கோ புன்செய்க்கோ எதிர்ச்சொல் அன்று. பயிரில்லாமல் கிடக்கும் நிலையைக் குறிக்கும் சொல். நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தில் நடப்பு ஆண்டில் மட்டும் பயிரில்லாதது நடப்புத் தரிசு. 5 ஆண்டுகள் வரை கிடப்பது பிற தரிசு. அதற்கு மேலும் உழவின்றிக் கிடப்பது சாகுபடிக்கேற்ற தரிசு என்ற வகைக்குச் சென்றுவிடும். பிசானம் அறுவடையானதும் ஈரம் காயுமுன் உளுந்து விதைப்பதை 'நெல் தரிசுப் பயறு' என்கிறோம். இங்கே தரிசு என்பது அறுவடைக்குப் பிந்திய இடைவெளியைத்தான் சுட்டுகிறது.

கிராமக் கணக்கில் பார்க்க வேண்டியவை

உங்கள் நிலத்தைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதை அறியப் பட்டா மட்டும் போதாது. 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிராகக் கீழ்க்கண்ட விவரங்கள் இருக்கும்.

1. நிலத்தின் வகை: நன்செய், புன்செய், அரசுத் தரிசு, புறம்போக்கு என்பன.

2. இருபோகமா என்ற குறிப்பு: நன்செய் நிலத்திற்கு இது மிகவும் இன்றியமையாதது.

3. பாசன ஆதாரம்: எந்த ஆறு, கால்வாய் அல்லது குளம் என்பது.

4. மண் வயனமும் ரகமும்: வண்டல், கரிசல், செம்மண் போன்ற வகையும், அதனுள் களி, இருமண், மணல் போன்ற பிரிவும்.

5. மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டாதாரர் பெயர்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்குங்கள். நிலத்தின் வகை ஒரு கட்டத்திலும் மண்ணின் வகை வேறொரு கட்டத்திலும் இருக்கின்றன. நன்செய் என்பது மண்ணைப் பற்றிய சொல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் ரயத்துவாரி நிலவரித் திட்டம் செய்தபோது, மண்ணைத் தனியாகவும் பாசன ஆதாரத்தைத் தனியாகவும் தரம் பிரித்து, இரண்டையும் சேர்த்துத் தீர்வையை முடிவு செய்தார்கள். நன்செய்த் தீர்வை புன்செய்த் தீர்வையைப் போலப் பல மடங்காக இருப்பதன் காரணம், அதில் அரசு வழங்கும் நீரின் விலையும் அடங்கியிருப்பதேயாகும். புன்செய் நிலத்திற்கு அரசுப் பாசன நீரை எடுத்தால் தனியாகத் தண்ணீர்த் தீர்வை விதிக்க 1865-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கணக்கு மொழியில் இது 'தீர்வை ஜாஸ்தி' எனப்பட்டது.

ஒவ்வொரு ஆண்டும் என்ன பயிர் நின்றது என்பதைக் காட்டுவது அடங்கல். பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் ஆகியவற்றுக்கு அடங்கலே அடிப்படை. உங்கள் நிலத்தில் நின்ற பயிரும் அடங்கலில் எழுதிய பயிரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

ஒரு சொல்லால் வரும் இலாப நட்டம்

இச்சொற்கள் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. சிறு விவசாயிகளை நேரடியாகப் பாதிக்கும் சில இடங்களை இங்கே காண்போம்.

முதலாவது, அரசுத் திட்டங்களில் தகுதி. 2011-இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், நில உடைமையாளராக உறுப்பினர் ஆவதற்கு 2.50 ஏக்கருக்கு மேற்படாத நன்செய் அல்லது 5 ஏக்கருக்கு மேற்படாத புன்செய் என்று எல்லை வகுக்கப்பட்டது. 4 ஏக்கர் புன்செய் உடையவர் இந்த எல்லைக்குள் வருவார். 4 ஏக்கர் நன்செய் உடையவர் வரமாட்டார். கடைமடையில் நீர் வராமல் கிடக்கும் 4 ஏக்கர், கணக்கில் நன்செய் என்று நின்றால் உடையவருக்கு விளைச்சலும் இல்லை, உதவியும் இல்லை என்ற நிலை ஏற்படும்.

இரண்டாவது, நில உச்சவரம்பு. 1961-ஆம் ஆண்டின் சட்டமும், 5 பேர் கொண்ட குடும்பத்திற்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பைக் குறைத்த 1970-ஆம் ஆண்டின் சட்டமும் எல்லா ஏக்கரையும் ஒன்றாகக் கணக்கிடவில்லை. நன்செய், புன்செய் என்ற வகையையும் தீர்வை வீதத்தையும் கொண்டே ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் எத்தனை சாதாரண ஏக்கருக்குச் சமம் என்று முடிவு செய்தன.

மூன்றாவது, நிலம் வாங்குதலும் விற்றலும். 'நஞ்சை நிலம் விற்பனைக்கு' என்று சொன்னவுடன் விலை பேசிவிடக் கூடாது. எந்த மடை, ஒருபோகமா இருபோகமா, நீர் வரும் வாய்க்கால் பொது வாய்க்காலா அடுத்தவர் வயல் வழியா, கடைசியாக எந்த ஆண்டு கார் சாகுபடி நடந்தது என்று கேட்டறிய வேண்டும். ஊர் நீர்ப்பாய்ச்சியையும் பக்கத்து வயல்காரரையும் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். இப்பகுதியில் இன்னும் சிலர் மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று பேசி நிலத்தை முடிக்கிறார்கள். அது விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டு நிலத்தைச் சொல்லும் பழைய முறை. பத்திரத்தில் ஏக்கர், சென்ட் அல்லது ஹெக்டேர், ஏர் கணக்கில் அளந்து எழுதுவதே பாதுகாப்பானது.

நான்காவது, மனையாக மாறுதல். விளைநிலங்களை அங்கீகாரமின்றி மனைகளாகப் பிரித்துப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017-இல் நிலப் பயன்பாட்டு மாற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. கேரளத்தில் நெல் வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென்றே 2008-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். நம் பகுதியிலும் நகரை ஒட்டிய நன்செய்கள் மனைகளாகி வருவதை நாம் கண்ணால் காண்கிறோம்.

ஒரு வயல் மேடானால்...

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புன்செய் நிலம் ஒன்று மனையானால் இழப்பு பெரும்பாலும் அந்த நிலத்தோடு முடிகிறது. நன்செய் அப்படியன்று. நம் ஆயக்கட்டுகளில் பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல்வயலில் பாய்ந்த நீர் வரப்பின் வாய் வழியே கீழ்வயலுக்கு இறங்கும். இடையில் ஒருவர் தம் வயலைச் செம்மண் கொட்டி மேடாக்கினால் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாய்ச்சலும் போகும், மழைக் காலத்தில் வடிகாலும் போகும். அவர்கள் பட்டாவில் நன்செய் என்ற சொல் அப்படியே இருக்கும். நீர் மட்டும் இராது. சில ஆண்டுகள் தரிசாகக் கிடந்தபின் அவர்களும் நிலத்தை விற்கத் தொடங்குவார்கள். ஒரு மடையின் ஆயக்கட்டு குறையக் குறைய வாய்க்காலைத் தூர் வாரவும் முறைப்பாய்ச்சலைக் கவனிக்கவும் ஆள் குறையும். இறுதியில் மடையே மண்மூடிப் போகும்.

ஆகவே நன்செய் என்பது தனி ஒருவருடைய சொத்தாக இருந்தாலும், அதை நன்செயாக வைத்திருப்பது பலர் கூடிச் செய்யும் வேலை. ஆண்டுக்கொருமுறை வாய்க்கால் மராமத்துக்கு ஆள் அனுப்புவதும், ஆயக்கட்டில் உள்ள பாசனதாரர் சங்கக் கூட்டத்திற்குச் செல்வதும் இதனால்தான் இன்றியமையாதவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் குளங்கள் உடைந்து, பல வயல்களில் மணல் மேடிட்டதை நாம் மறக்க முடியாது. அவ்வயல்களை மீண்டும் பயிருக்குக் கொண்டுவர மணலை அகற்றினால் மட்டும் போதவில்லை. உடைந்த குளக்கரையையும் தூர்ந்த வாய்க்காலையும் சீராக்க வேண்டியிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1958-இல் முடிந்த மணிமுத்தாறு அணை, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பகுதிகளுக்கும் 80 அடிக் கால்வாய் வழியே நீர் கொண்டு சென்றது. தாமிரபரணியின் உபரி வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கி 2025-இல் திறக்கப்பட்டது. இத்தகைய நீர் குளங்களை நிரப்பும். கிணறுகளில் ஊற்றைக் கூட்டும். ஆனால் வெள்ளம் வரும் ஆண்டில் கிடைக்கும் உபரி நீரை நம்பிப் புன்செயில் நெல்லைத் தொடர்ந்து பயிரிட முற்படுவது சரியன்று. அங்கே பயறு வகை, சிறுதானியம், மக்காச்சோளம், காய்கறி என்று அந்த ஆண்டின் ஈரத்திற்கேற்பத் திட்டமிடுவதே நல்ல பலன் தரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உழவர் பெருமக்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றைத் தமிழக அரசின் இணையச் சேவை வழியாகவோ, அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திலோ பார்த்து, நிலத்தின் வகை, பாசன ஆதாரம், இருபோகக் குறிப்பு ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதப்பட்ட விவரங்களே இன்றைய கணக்குகளுக்கு அடிப்படை. பழைய பத்திரத்தில் ஒருவகையாகவும் கணக்கில் வேறுவகையாகவும் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரை அணுகி விளக்கம் பெறுங்கள். திருத்தம் தேவையெனில் ஆதாரங்களுடன் வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு அளிக்கலாம்.

நீர் வரவில்லை என்பதற்காக நன்செயைப் புன்செய் என்று மாற்றிக் கேட்க அவசரப்படாதீர்கள். ஒருமுறை ஆயக்கட்டிலிருந்து வெளியேறினால், பின்னர் நீர் வந்தாலும் அதைக் கேட்கும் தகுதி தளர்ந்துவிடும். நீர் ஏன் வரவில்லை என்பதை முதலில் ஆராயுங்கள். வாய்க்கால் அடைப்பா, மடைப் பழுதா, ஆக்கிரமிப்பா என்று கண்டு, மற்ற பாசனதாரர்களுடன் சேர்ந்து நீர்வளத் துறை அலுவலர்களிடம் முறையிடுங்கள்.

புன்செய் வைத்திருப்போர் தம் நிலத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம். மண் ஆய்வு செய்து, மண்ணின் ஆழத்தையும் ஈரம் காக்கும் திறனையும் அறிந்து பயிரைத் தேர்ந்தெடுங்கள். கரிசல் மானாவாரியில் பருவமழைக்கு முன் விதைப்பு, விதையைக் கடினப்படுத்தி விதைத்தல், சரிவுக்குக் குறுக்கே உழுதல் ஆகியவை குறித்துக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம். நெல், வாழை பற்றிய ஐயங்களுக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம்.

முடிவாக, நன்செய் என்ற சொல்லில் உள்ள 'நன்' மண்ணுக்குக் கொடுத்த பட்டம் அன்று. ஆற்றையும் கால்வாயையும் மடையையும் காத்து வந்தவர்களின் உழைப்பால் கிடைத்தது. புன்செயில் உள்ள 'புன்' அந்த நிலத்துக்கு ஆற்று நீர் எட்டவில்லை என்பதைத்தான் சொல்கிறது. அந்த மண்ணால் என்ன விளைவிக்க முடியும் என்பதை அது சொல்லவில்லை. அடுத்த முறை நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது, பட்டாவில் உள்ள சொல்லையும் வயலுக்கு வரும் நீரையும் கையில் எடுத்த மண்ணையும் மூன்றாகப் பிரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்போது நட்டம் வராது.